கவுண்டி ஃபேரின் இளம் தூதராக மகள் விண்ணப்பிக்கலாமா?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வசிக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 16 வயது. நாலு வருஷமாக 4-எச் என்ற பிள்ளைகள் சங்கத்தில் முயல் வளர்க்கிறாள். இந்த வருடம் எங்கள் கவுண்டி ஃபேரின், அதாவது வேளாண் கண்காட்சியின், இளம் தூதராக விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். 'கிரீடம் வைக்கிறார்களே, அழகிப் போட்டிதானே இது' என்று அவள் அப்பா தயங்குகிறார். நாங்கள் சைவம். அங்கே பன்றியும் மாடும் ஏலம் போகின்றன. படிப்பு கெடுமா? நம் பிள்ளையை அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக விண்ணப்பிக்கட்டும். நாலு வருஷம் விடியற்காலையில் எழுந்து முயல் கூண்டைச் சுத்தம் செய்த பிள்ளைக்கு இந்தப் பொறுப்பில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். மீதிப் பாதி என்ன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நானும் இதே மாநிலத்தில் 12 வருஷமாக ஒரு 4-எச் சங்கத்துக்குத் தன்னார்வத் தலைவியாக இருக்கிறேன். என் பெரிய மகள் ஒரு வருடம் எங்கள் கவுண்டியின் தூதராக இருந்தாள். பக்கத்துக் கவுண்டியில் இரண்டு முறை நேர்காணல் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கிரீடம் பற்றி உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் என் கணவரும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினோம். ஐயோவாவில் 99 கவுண்டிகள். நம் ஊர்த் தாலுகா போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஜூலையிலோ அதையொட்டியோ ஒரு கண்காட்சி நடத்துகிறது. பல இடங்களில் அந்தப் பொறுப்புக்கு இன்னும் 'ஃபேர் குயின்' என்றுதான் பெயர். சில இடங்களில் பையன்களும் வரட்டும் என்று 'கிங்' சேர்த்தார்கள்; சில இடங்களில் இரண்டையும் விட்டுவிட்டு 'அம்பாசடர்' என்று மாற்றிவிட்டார்கள். பெயர் எதுவானாலும் தேர்வு நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். விண்ணப்பத்தோடு பள்ளி, சங்கம், ஊர்ச்சேவை பற்றி எழுதித் தர வேண்டும். நடுவர்களோடு தனி நேர்காணல் இருக்கும். மேடையில் ஒரு சின்ன உரை, அங்கேயே கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில். கோயிலுக்கு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரு நல்ல உடை போதும். தோற்றம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கும் மதிப்பெண் இருக்கும். அதற்கு அர்த்தம் நேராக நின்று, கண்ணைப் பார்த்து, தெளிவாகப் பேசுவது. கிரீடமும், தோளின் குறுக்கே போடும் சாஷ் என்ற பட்டையும் எதற்கென்றால், பத்தாயிரம் பேர் நடமாடும் இடத்தில் வழி தெரியாத ஒருவர் யாரிடம் கேட்பது என்று தூரத்திலிருந்தே கண்டுகொள்வதற்கு. கண்காட்சி நாட்களில் அந்தக் கிரீடத்துக்குக் கீழே ஜீன்ஸும் சேறு படிந்த பூட்ஸும்தான் இருக்கும்.

இந்தப் பொறுப்பு ஏன் பிள்ளைகளிடம் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர் நடுவே கொண்டுவந்து காட்டினார். ஜனங்கள் கூடிப் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1811-இல் அங்கே நடந்த கால்நடைக் கண்காட்சி. அமெரிக்க வேளாண் கண்காட்சிகளுக்கு அவரைத்தான் தந்தை என்பார்கள். அப்போது அது பெரியவர்கள் விஷயம். தொண்ணூறு வருஷம் கழித்து நம் ஐயோவாவிலேயே, பேஜ் கவுண்டியில் கோல்டன்ராட் என்ற ஒற்றை அறைப் பள்ளியில், ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற இளம் ஆசிரியை 1901-இல் பள்ளி முடிந்தபிறகு பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கமும் பெண்களுக்கு வீட்டுக்கலைச் சங்கமும் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார். இவையெல்லாம் சேர்ந்துதான் 4-எச் ஆயிற்று. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே அந்த நாலு எச்.

அந்தச் சங்கங்கள் பரவியதற்குக் காரணம்தான் முக்கியம். வேளாண் கல்லூரிகள் கண்டுபிடித்த புது விதையையும் புது முறையையும் விவசாயிகள் நம்பத் தயங்கினார்கள். பிள்ளைகள் ஒரு மூலையில் போட்டுக் காட்டினார்கள். விளைச்சலைப் பார்த்தபிறகு அப்பாக்களும் மாறினார்கள். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து பல்கலைக்கழகத்தின் அறிவை ஒவ்வொரு கவுண்டிக்கும் கொண்டுசேர்க்கும் எக்ஸ்டென்ஷன் முறையை நாடு முழுக்க நிறுவியது. இங்கே அது ஏம்ஸில் இருக்கும் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதாவது பிள்ளை சொல்லப் பெரியவர் கேட்பது என்பது இந்த அமைப்பின் வேரிலேயே இருக்கிறது. தூதர் செய்வதும் அதுவேதான். கொட்டகைக்குள் நடப்பதை வெளியே நிற்பவருக்கு ஒரு பிள்ளை விளக்கிச் சொல்கிறாள்.

இப்போது நேர்காணலுக்கு வருகிறேன். நான் நடுவராக இருந்தபோது பல பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். "வேளாண்மை நம் நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தப் பிள்ளை மேல் பரிதாபம்தான் வரும். யாரோ பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு பெண் வந்தாள். எல்லாரையும் விடக் கூச்ச சுபாவம். "இந்த வருஷம் உன் ப்ராஜெக்டில் எது சரியாக வரவில்லை?" என்று கேட்டோம். குட்டி போட்ட முயல் கூட்டுக்குப் போதிய வைக்கோல் தான் வைக்காததையும், இரவில் குளிர் இறங்கியதையும், மூன்று குட்டிகள் போனதையும், அடுத்த முறை என்ன மாற்றினாள் என்பதையும் ஐந்து நிமிடம் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் நின்றது, மறுபடி தொடர்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம். அந்த வருடம் அவள்தான் தூதர்.

ஐயோவாவில் வளர்ந்த 4-எச் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. இங்கே பொருட்களை மதிப்பிடும்போது நடுவர் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "என்ன இலக்கு வைத்தாய், எப்படிச் செய்தாய், என்ன கற்றாய்" என்று பேசித்தான் ரிப்பன் தருவார். பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடாமல் தரத்தோடு ஒப்பிடுவார்கள். அதனால் ஒரே பிரிவில் பத்துப் பேருக்கும் நீல ரிப்பன் கிடைக்கலாம், சிவப்பும் வெள்ளையும் கிடைக்கலாம். மிகச் சிறந்ததற்கு ஊதா. உங்கள் மகள் நாலாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ சேர்ந்த நாளிலிருந்து முன்பின் தெரியாத பெரியவரோடு இப்படி உட்கார்ந்து பேசிப் பழகியிருப்பாள். அதே தொனியில் தூதர் நேர்காணலிலும் பேசினால் போதும்.

கேள்விகள் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நான் கேட்டவையும் கேள்விப்பட்டவையும் இவை: இந்தக் கண்காட்சிக்கு முதன்முறை வரும் குடும்பத்தை எங்கே முதலில் அழைத்துப் போவாய், ஏன்? ஒரு குழந்தை முன்னால் அவள் அம்மா "இந்தப் பன்றியைக் கொன்றுவிடுவீர்களா" என்று கேட்டால் என்ன சொல்வாய்? நம் கவுண்டியில் விவசாயம் செய்யாத வீட்டுப் பிள்ளைகளை 4-எச்சுக்கு எப்படிக் கொண்டுவருவாய்? உன் தோழி இரண்டாவதாக வந்து அழுதால்? இதில் எதற்கும் ஒரே சரியான பதில் கிடையாது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். "எனக்குத் தெரியலைங்க, வாங்க, தெரிஞ்சவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்பதைவிட நல்ல தூதர் வார்த்தை கிடையாது.

கண்காட்சி நாட்கள் எப்படிப் போகும் என்பதைச் சொன்னால் உங்கள் வீட்டில் பாதித் தயக்கம் போய்விடும். காலை ஏழு மணிக்கே கொட்டகையில் இருக்க வேண்டும். பன்றிகளை வரிசையாக வளையத்துக்குள் விடுவார்கள். பிள்ளைகள் கையில் ஒரு சின்னக் கோலோடு அவற்றை நடுவர் கண்ணில் படும்படி நடத்திக்கொண்டு போவார்கள். வளையத்தின் ஓரத்தில் ரிப்பன்களோடு தூதர் நிற்க வேண்டும். நடுவர் பெயர் சொன்னதும் கை குலுக்கி, ரிப்பன் கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று, அடுத்த பிரிவு. மதியம் வரை இப்படியே. ஜூலை வெயிலில் கொட்டகைக்குள் புழுக்கம் தாங்காது. பன்றிக்கு நம்மைப் போல வியர்வை வழியாது. அதனால் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். என் மகள் முதல் நாள் இதில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் பொரிகடலையும் அவள் பையில் எப்போதும் இருக்கும்படி அப்புறம் பார்த்துக்கொண்டேன்.

மதியம் சிறு குழந்தைகளுக்கான பெடல் டிராக்டர் இழுவைப் போட்டி இருக்கும். தூதர் கயிற்றைப் பிடித்து, எல்லைக் கோட்டில் குந்தி, நாலு வயசுக் குழந்தைகளுக்குக் கை தட்ட வேண்டும். அப்புறம் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டங்களின் ஏலம். அப்புறம் ஸ்பான்சர் செய்த வங்கிக்காரர், தீவனக் கடைக்காரர் ஆகியோரோடு பேச வேண்டும். ஒரு நாள் ஊர்வலம். உள்ளூர் வானொலிக்காரர் மைக்கை நீட்டுவார்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது பாட்டில் கன்று வகுப்பு. இன்னும் பெரிய மாட்டைப் பிடிக்க முடியாத வயசுப் பிள்ளைகள், தாங்களே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவார்கள். நடுவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, "இதுக்கு என்ன பேரு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் குடுப்பே? உடம்பு சரியில்லாம போச்சா?" என்று கேட்பார். சில பிள்ளைகளுக்குச் சொல் வராது. அந்த நேரம் தூதர் பக்கத்தில் போய்க் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றால், அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்துவிடும். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் மகளைத் தெரு முழுக்க நினைவு வைத்திருப்பது கிரீடத்தால் அல்ல, இந்தக் கன்று வகுப்பால்தான்.

பார்வையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராவதற்கு உங்கள் மகள் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்ளட்டும். ஐயோவாவின் வயல்களில் கண்ணுக்கெட்டும் தூரம் நிற்கும் மக்காச்சோளம் நாம் வேகவைத்துத் தின்னும் இனிப்புச் சோளம் இல்லை. அது தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகும் காய்ந்த சோளம், பாதிக்கு மேல் எத்தனாலுக்கே போகிறது. இந்த மாநிலத்தில் மனிதர்களைப் போல ஏழு மடங்கு பன்றிகள் இருக்கின்றன. ஒரு ஹோல்ஸ்டீன் பசு நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் கறக்கும். முயல் பற்றி உங்கள் மகளுக்கே தெரியும். இடது காதில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்துப் பதறும் பார்வையாளர்கள் நிறையப் பேர். அது அடையாள எண் என்பதையும் எப்படிக் குத்துவார்கள் என்பதையும் நிதானமாகச் சொல்லத் தெரிந்தால் அதுவே பாதி வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வேன். நோய் பற்றியது. 2012 கோடையில் பன்றிகளிடமிருந்து தொற்றும் ஒருவகை எச்3என்2 காய்ச்சல் 300-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பெரும்பாலும் குழந்தைகள், பெரும்பாலும் கண்காட்சிக் கொட்டகைகளுக்குப் போனவர்கள், இண்டியானாவிலும் ஒஹாயோவிலும் அதிகம். 2015-இல் பறவைக் காய்ச்சல் வந்து ஐயோவாவில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தன. அந்த வருடம் மாநிலத்தின் எந்தக் கண்காட்சியிலும் உயிருள்ள பறவை இல்லை. வருஷம் முழுக்கக் கோழி வளர்த்த பிள்ளைகள் படமும் அட்டையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். 2024-இல் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்கே வந்தபோது, பால் கறக்கும் பசுவைக் கண்காட்சிக்குக் கொண்டுவரும் முன் பரிசோதித்துச் சான்று காட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், கொட்டகைக்குள் தின்பண்டம் கொண்டு போகாதீர்கள், குழந்தையின் வாயில் சூப்பானோடு பன்றிப் பட்டிக்குப் போகாதீர்கள், வெளியே வந்ததும் சோப்பால் கை கழுவுங்கள் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பலகையில் எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. சாஷ் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "தம்பி, வா, நாம ரெண்டு பேரும் கை கழுவலாம்" என்று சொன்னால் அந்தக் குடும்பமே வரிசையில் நிற்கும். தூதர் செய்யும் வேலைகளில் உயிரைக் காக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஏலம். சைவக் குடும்பம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

பிள்ளைகள் வசந்த காலத்தில் 50 பவுண்டு எடையில் ஒரு பன்றிக் குட்டியை வாங்குகிறார்கள். ஜூலைக்குள் அது 270, 280 பவுண்டு ஆகிறது. பெயர் வைக்கிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், சாயங்காலம் தெருவில் நடத்திப் போகிறார்கள். தீவனச் செலவு, மருந்து, எடை எல்லாவற்றையும் ரெக்கார்டு புக்கில் எழுதுகிறார்கள். கடைசி நாள் அது ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தில் இரண்டு வகை உண்டு. சில கவுண்டிகளில் வாங்குபவர் விலங்கையே வாங்குவார். இன்னும் பல இடங்களில் ஊர் வியாபாரிகள் பிள்ளைக்கு ஊக்கத்தொகை மட்டும் தருவார்கள். விலங்கு சந்தை விலைக்கு இறைச்சிக் கூடத்துக்குப் போகும், அல்லது வீட்டுக்குத் திரும்பும். எப்படியானாலும் அன்று சாயங்காலம் லாரிகள் வந்து நிற்கும். அந்தக் கொட்டகையில் அழாத பிள்ளை குறைவு. பத்துத் தலைமுறையாக விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளும் அழுவார்கள். அவர்கள் அப்பாக்கள் வேறு பக்கம் திரும்பி நிற்பார்கள்.

தூதர் அந்த ஏல வளையத்தில், விற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். என் மகள் நின்ற வருடம் பத்து வயசுப் பையன் ஒருவன் தன் முதல் ஆட்டுக்குட்டியோடு வந்தான். விலை ஏறிக்கொண்டே போனது; ஏலக்காரர் உற்சாகமாகக் கத்துகிறார்; பையன் ஆட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாங்களும் சைவம்தான். இவள் என்ன செய்யப் போகிறாளோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் அவன் பக்கத்தில் மரத்தூளில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஏலம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "நீ இதை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டே, எல்லாரும் பாத்தோம்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவளும் அழுதாள். "அம்மா, நாம சாப்பிடறதில்ல. ஆனா அந்தப் பையன் அதுக்குச் செஞ்ச மாதிரி நான் எதுக்கும் செஞ்சதில்ல" என்றாள். இன்றைக்கும் அவள் சைவம். அந்தப் பையன் வீட்டோடு இன்றைக்கும் எங்களுக்குப் போக்குவரத்து உண்டு.

ஆகவே உங்கள் மகளிடம் முன்கூட்டியே கேளுங்கள்: ஏல வளையத்தில் நிற்க உன்னால் முடியுமா? பன்றி இறைச்சிக் கடையில் அரை மணி நேரம் உதவிக்கு நிற்கச் சொன்னால்? தின்னச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். "நாங்க சைவம், ஆனா பரிமாற உதவுறேன்" என்றால் மதிப்பார்கள். பரிமாறவும் முடியாது என்றால் அதையும் முன்னாலேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால் வேறு வேலை தருவார்கள். ஆனால் கொட்டகையில் நின்று வளர்ப்பவர்களைக் குறைவாகப் பேசுவது கூடாது. மனசு ஒப்பவில்லை என்று அவள் சொன்னால் அதுவும் நேர்மையான பதில்தான். அப்படியானால் இந்தப் பொறுப்பு வேண்டாம், முயலோடு மட்டும் இருக்கட்டும். நடுவில் தவிப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

நம் பிள்ளையை ஏற்பார்களா என்று கேட்டீர்கள். இதற்கு நான் ஒரே சொல்லில் பதில் சொல்ல மாட்டேன். என் மகளிடம் கொட்டகையில் ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என் பாட்டி ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் கேட்பார்களே, அச்சு அசல் அதே கேள்வி. அங்கே எல்லாருக்கும் எல்லாருடைய தாத்தாவையும் தெரியும். தெரியாத முகத்தைக் கண்டால் எங்கேயாவது பொருத்திப் பார்க்க விரும்புவார்கள். அவள் எங்கள் சங்கத்தின் பெயரையும், நாங்கள் வாடகைக்குத் தோட்டம் போடும் நிலம் யாருடையது என்பதையும் சொன்னாள். "அட, அந்த இடமா!" என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வேறு மாதிரியும் நடந்தது. ஒருவர் இரண்டு முறை, மூன்று முறை, "இல்லை, நிஜமா எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் முகம் வாடியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அதுவும் நடக்கும். அதற்கும் பிள்ளை தயாராக இருக்க வேண்டும்; அந்த நாள் ராத்திரி அவளோடு உட்கார்ந்து பேச நீங்களும் தயாராக இருக்க வேண்டும்.

சிலர், "மேடையில் பரதநாட்டியம் ஆடச் சொல்லுங்கள், வித்தியாசமாக இருக்கும்" என்று யோசனை சொல்வார்கள். திறமைச் சுற்று என்று ஒன்று இருந்து, அவளுக்கு அது பிடித்திருந்தால் ஆடட்டும். வித்தியாசம் காட்டுவதற்காக வேண்டாம். உன் குடும்பத்துக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். தாத்தாவுக்கு நெல் வயல் இருந்திருந்தால் அதைச் சொல்லலாம். இல்லையென்றாலும் ஐயோவாவையும் நம்மையும் இணைக்கும் கதை ஒன்று இருக்கிறது. இந்த மாநிலத்தின் கிரெஸ்கோ பக்கத்தில் ஒரு பண்ணையில் 1914-இல் பிறந்தவர் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக். அவருடைய குட்டைக் கோதுமையை 1960-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து இந்திய வயல்களுக்கு ஏற்றபடி ஆக்கியதில் முன்நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசு 1987-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் சுவாமிநாதன்தான். இன்று அந்தப் பரிசு அமைப்பு நம் மாநிலத் தலைநகர் டெமாய்னில் இருக்கிறது. இதை என் மகள் நேர்காணலில் சொன்னபோது நடுவர்களில் ஒருவருக்கு அது புதுச் செய்தி, அவர் குறித்துக்கொண்டார்.

படிப்பு கெடாது. அடர்த்தியான வேலை கண்காட்சி வாரத்தில்தான். அது விடுமுறைக் காலம். மற்ற நாட்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள், பக்கத்துக் கவுண்டிகளின் கண்காட்சிக்கு ஒரு நாள் விருந்தினராகப் போவது, நன்றிக் கடிதங்கள். நன்றிக் கடிதத்தைக் கையால் எழுத வேண்டும். ஐம்பது அறுபது வரும். 'குயின்' பட்டம் உள்ள கவுண்டிகளில் தேர்வானவர் ஆகஸ்டில் டெமாய்னில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்கும் போட்டியாளராகப் போவார். அங்கே வென்றால் கண்காட்சி முடியும்வரை அங்கேயே தங்க வேண்டும். கல்லூரி ஆரம்பிக்கும் வருடத்தில் இது இடிக்கும். 16 வயதில் இடிக்காது. செலவு என்று பார்த்தால் இரண்டு நல்ல உடை, ஒரு நல்ல பூட்ஸ், நிறைய பெட்ரோல். விலை உயர்ந்த கவுன் வாங்கச் சொல்பவர்களை விட்டு விலகுங்கள்.

பெற்றோராக நீங்கள் செய்ய வேண்டியது ஓட்டுநர் வேலை. கொண்டுபோய் விடுங்கள், பெண் பிள்ளைகள் இருட்டில் கொட்டகைப் பக்கம் தனியாகத் திரியாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒருவர் அவளிடம் கேள்வி கேட்கும்போது முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். எனக்கு இதைக் கற்க ஒரு முழு வருடம் ஆயிற்று. போனில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று கண்காட்சிக் குழு ஒரு தாளில் கையெழுத்து வாங்கும். அதை மூவரும் சேர்ந்து படியுங்கள். சாஷ் தோளில் இருக்கும்போது ஒரு தோழியின் பிறந்தநாள் வீட்டில் எடுத்த படம்கூட ஊர் பேச்சாகிவிடும்.

தேர்வாகாவிட்டால்? என் மகள் முதல் வருடம் தேர்வாகவில்லை. அன்று ராத்திரி தோசைகூடச் சாப்பிடாமல் தூங்கினாள். மறுநாள் காலை கோழிக் கொட்டகையில் வேலை இருந்தது, போனாள். அந்த வருடம் முழுக்க, யாரும் கேட்காமலேயே, பாட்டில் கன்று வகுப்பில் உதவிக்கு நின்றாள். இரண்டாம் வருடம் நேர்காணலில் அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸுக்கு உங்கள் மகளையே போன் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் செய்யாதீர்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி, வயது வரம்பு, பரிந்துரைக் கடிதம் எத்தனை, தேர்வு கண்காட்சிக்கு முன்னாலா அல்லது முதல் நாள் மாலையா என்று நாலு கேள்வி கேட்கட்டும். கவுண்டிக்குக் கவுண்டி இவை மாறும். மே மாதத்துக்குள் முயல்களின் அடையாளப் பதிவை முடிக்க வேண்டியிருக்கும், அதையும் அதே போனில் கேட்டுவிடலாம். போன வருடம் தூதராக இருந்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய் வரட்டும். ஏலத்தைப் பற்றி அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும். நான் எழுதியதைவிட அவள் சொல்வது உங்கள் மகளுக்கு நன்றாகப் புரியும்.